மாத்து

திங்கள்தோறும் கோட்டையிலிருந்து நூற்றி நாற்பது உருப்படி.
ஊரிலிருந்து முப்பது, மிஞ்சினால் முப்பத்தைந்து.
யாருடைய ஊர் இது என்று
எனக்கு மூட்டைதான் சொல்கிறது.

வந்த புதிதில்
அறுவடை வரைக்கும்தான் இருப்போம் என்று தமுக்கடித்தார்கள்.
எந்த அறுவடை என்று கேட்காமல் விட்டோம்.
அந்தப் பிசானத்தில் பிறந்த என் மகள்
இன்று எனக்கு எதிர்க்கல்லில் நின்று துவைக்கிறாள்.

சிவப்புக் குப்பாயம் கம்பளி.
நனைந்தால் ஓர் ஆள் கனம்.
சேங்கொட்டைப் பாலில் நான் இட்ட குறி
கழுத்துப் பட்டையில் மங்காமல் இருக்கிறது,
உள்ளே இருக்கிறவன்தான் மாறிக்கொண்டே வருகிறான்.
மூன்று புள்ளி, ஒரு கோடு:
அதை இதுவரை ஐந்து பேர் போட்டுக் கழற்றிவிட்டார்கள்.
இரண்டு பேர் பேதியில் போனார்கள். ஒருவன் கப்பலேறினான்.
மற்றவர்களைப் பற்றி யார் எனக்குச் சொல்வார்கள்?
குப்பாயம் மட்டும் ஊருக்குப் போக மறுக்கிறது.

வைக்கோல் கேட்டார்கள், கொடுத்தோம்.
விறகு கேட்டார்கள், இலுப்பைத் தோப்பு வெட்டவெளியானது.
இரும்பெல்லாம் சாவடியில் குவியுங்கள் என்றார்கள்.
தோட்டத்தில் குலை பழுத்துத் தொங்க
அரிவாளை இரவல் கேட்டுக்
கோட்டை வாசலில் காத்து நின்றார் பெரிய பண்ணையார்.
அன்றைக்கு ஊர் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வெடி.
யாரையும் கொல்லாத வெறும் வெடி.
கறவை காலை உதறும், பால் சிந்தும்,
தொட்டிலில் பிள்ளை விதிர்க்கும்.
பதினேழு வருஷம்,
ஒரு ராத்திரிகூடப் பழகவில்லை.

போன மாசியில் எல்லோருமாய்ப் போய் நின்றார்கள்.
கணக்கப்பிள்ளை ஓலையை ஒரு நாழிகை வாசித்தார்.
துபாஷி அதை நாலு சொல்லாக்கினான்.
துரை தந்த பதிலும் நாலே சொல்:
நாடு முழுக்க அமைதியானதும் போய்விடுவோம்.
ஆற்றைத் தாண்டும்போது சைலப்பன் காறித் துப்பினான்,
'நாம அமைதியாத்தானவே நின்னோம்!'

ஐப்பசியில் நம்பிக்கோனின் வண்டியைப் பிடித்தார்கள்,
அவனையும் சேர்த்து.
மலையடிவாரத்துக்கு மருந்து மூட்டை, வெடிமருந்து.
கார்த்திகைக் கடைசியில் திரும்பி வந்தான்,
வேறொருவன் வண்டியில், பாயில் சுருட்டி.
மாடுகள் வரவில்லை.

குழைக்காதி அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.
'முப்பிடாதி, மாத்து எங்கட்டீ?'

போகிறவன் பாதையில் விரிக்கிற வெள்ளை.
பிறந்த வீட்டிலும் இறந்த வீட்டிலும்
என்னைத் தேடுகிற ஒரே காரணம்.
ஊர்த் துணி ஒன்றுகூடக் கையில் இல்லை.
வெள்ளாவியில் வெந்துகொண்டிருந்தது
கப்பித்தான் துரையின் படுக்கை விரிப்பு, பன்னிரண்டு.
வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.
நான் அடுப்பை அணைத்தேன்.

முன்னே விரித்து, பின்னே சுருட்டி,
மறுபடி முன்னே ஓடி
ஆற்றங்கரை மட்டும் போனார் அவர்.
பாடைக்குப் பின்னால் நாலு தெரு ஆண்களும்,
சேர்ந்து நடந்து நான் பார்த்திராதவர்கள்.
சேற்றுக்கால், பித்தவெடிப்புக்கால், சாணி மிதித்த கால்.
யாரும் எதுவும் பேசவில்லை.
சைலப்பன் மட்டும் ஒரு விரிப்பின் நடுவில் நின்று
தோள் மாற்றினான்,
தேவைக்கு மேல் ஒரு தடவை.

உவர்மண், சவக்காரம், மறுபடி வெள்ளாவி.
கஞ்சி போட்டு மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.
இரண்டு நாள் தாமதம் என்று சுபேதார் கத்தினான்,
கூலியில் ஒரு பணம் பிடித்துக்கொண்டான்.
அன்று ராத்திரி எட்டு மணி வெடி கேட்டபோது
துரை படுத்திருப்பார் என்று நினைத்தேன்,
நம்பிக்கோன் போன பாதையின் மேல்.

'கறை பூராவும் போயிட்டாம்மா?' என்றாள் மகள்.
ஒன்று போகவில்லை.
குதிகால் அகலம். மடிப்புக்குள் இருக்கிறது.

இந்தத் திங்கள்
நூற்றி அறுபத்திரண்டு உருப்படி.
புதிதாய் ஆள் இறங்கியிருக்கிறது.